வயதான பெற்றோரின் பிரஷர், எடை, சுகர், ஆக்ஸிஜனை வீட்டிலிருந்தே கண்காணிக்க: எதை முதலில், எதை அப்புறம்

அம்மா இதயப் பிரச்சினைக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய வாரம், நான்கு கருவிகளை ஒரே நாளில் வாங்கி அவர் மேசையில் அடுக்கினேன். பத்து நாளில் அவற்றில் மூன்று கருவிகள் பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டன. வரிசையை மாற்றி மறுபடி ஆரம்பித்தபோதுதான் அது நிலைத்தது, இன்றும் தினமும் நடக்கிறது. அதன்பிறகு உறவினர், தெரிந்தவர் என்று ஆறேழு வீடுகளில் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஏறத்தாழ அதே இடங்களில்தான் இடறுகிறார்கள், அதனால் அந்த இடங்களில் மட்டும் நின்று எழுதியிருக்கிறேன்.

இது பெற்றோருக்கு அமைத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு. தனக்குத்தானே அமைத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் வரிசை இதேதான்.

1. கருவி வாங்குவதற்கு முன்: அந்த எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

பெரியவர்கள் பலரும் நம்புவது இது: பொத்தானை அழுத்தியதும் எண் டாக்டரிடம் போய்விடும், மோசமாக இருந்தால் அவரே கூப்பிடுவார். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சில சேவைகளில் வேலை நேரத்தில் மட்டும் ஒரு நர்ஸ் பார்ப்பார், சிலவற்றில் நாளுக்கு ஒருமுறை, சிலவற்றில் அடுத்த தடவை நேரில் போகும்போதுதான் டாக்டர் திறந்தே பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சனிக்கிழமை இரவு மூச்சு வாங்கியபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் ஃபோன் செய்து கேட்டபோது, "மெஷின்ல அனுப்பிட்டேம்மா, அவங்களே கூப்பிடுவாங்க" என்றார். அந்தப் பக்கம் திங்கட்கிழமை காலை வரை யாரும் திரையைப் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது, சொன்னவரும் யாரும் இல்லை. மகள் உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்ததால் தப்பித்தார்.

ஆகவே முதல் வேலை மூன்று கேள்விகள். யார் பார்ப்பார்? எந்த நேரத்தில், விடுமுறை நாளில் என்ன? எண் எல்லை தாண்டினால் அவர் நம்மைக் கூப்பிடுவாரா, நாம் கூப்பிட வேண்டுமா? பதிலை எழுதி வாங்குங்கள். "யாரும் பார்ப்பதில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்று பதில் வந்தாலும் பரவாயில்லை, அதுவும் ஒரு தெளிவுதான், அதற்கேற்ப குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்கலாம்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இதய செயலிழப்பு (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாத நிலை) உள்ளவர்களிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இந்த இடத்தைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவில் 1,653 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேர் தினமும் எடையையும் அறிகுறிகளையும் தானியங்கி ஃபோனில் சொல்ல வேண்டும். மரணமோ மறுபடி மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. அப்படிச் சொல்ல வேண்டியவர்களில் 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தவில்லை, ஆறாவது மாதக் கடைசியில் வாரம் மூன்று நாளாவது பயன்படுத்தியவர்கள் 55 சதவீதம்தான். ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் எண்களைப் பார்த்து நோயாளியோடு பேசினார்கள், அங்கே பலன் தெரிந்தது. இரண்டிலும் நோயாளிகளும் முறையும் வேறு வேறு, நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லாத கண்காணிப்பைப் பெரியவர்கள் சீக்கிரம் கைவிடுகிறார்கள் என்பதை நான் வீட்டுக்கு வீடு பார்த்துவிட்டேன்.

2. பெரியவரிடம் பேசுவது, அதுவும் பெட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்

கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அது பேச்சு இல்லை, அறிவிப்பு. அம்மா அன்று என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இத வச்சிட்டா நீ வர்றது குறைஞ்சிடுமா?" அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு பார்த்தால், வேறு வேறு வார்த்தைகளில் எல்லாப் பெரியவர்களுக்குள்ளும் அது இருக்கிறது. அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள், சொன்னபடி போய்க்கொண்டும் இருங்கள்.

எண் யாருக்கெல்லாம் தெரியலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். தன் உடம்பைப் பற்றிய விவரம் மகனுக்குத் தெரியலாம், மருமகளுக்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது அவர் உரிமை. கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போடாதீர்கள். ஒரு வீட்டில் அப்படிப் போட்டதும் ஐந்து பேர் ஐந்து அறிவுரை சொன்னார்கள், அடுத்த வாரத்திலிருந்து அந்த அப்பா 128, 78 என்ற இரண்டு எண்களையே தினமும் எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் பொய்யர் இல்லை. எண் கொஞ்சம் கூடினால் திட்டு விழும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

அதனால் ஒரு விதி: எண் எப்படி இருந்தாலும் "என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை விட்டுட்டீங்களா" என்று ஆரம்பிக்கக் கூடாது. "இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று ஆரம்பியுங்கள்.

3. டாக்டரிடம் வாங்க வேண்டிய எல்லைத் தாள்

எல்லை தெரியாமல் அளப்பது பயத்தை மட்டும்தான் வளர்க்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரே ஒரு தாளை நீட்டுங்கள்: எதை அளக்க வேண்டும், எத்தனை முறை, எந்த எண் வரை சும்மா இருக்கலாம், எதைத் தாண்டினால் ஃபோன் செய்ய வேண்டும், எதைத் தாண்டினால் உடனே கிளம்ப வேண்டும்.

இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் அதை இணையத்தில் தேடி எடுக்கக் கூடாது. பொதுவாக ரத்தத்தில் ஆக்ஸிஜன் 95 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பது இயல்பு. ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு டாக்டரே 88 முதல் 92 வரை போதும் என்று வைத்திருப்பார். அது தெரியாத மகன் 90-ஐப் பார்த்துப் பதறி வீட்டிலிருக்கும் ஆக்ஸிஜனைக் கூட்டிவிட்டால் அவருக்குக் கெடுதல்தான். பிரஷரும் அப்படியே. வீட்டில் எடுக்கும் அளவின் சராசரி 135/85-ஐத் தொட்டால் அதிகம் என்பது பொதுக் கணக்கு, ஆனால் எழுந்தால் தலை சுற்றி விழும் 85 வயதுக்காரருக்கு டாக்டர் வைக்கும் இலக்கு வேறாக இருக்கலாம்.

தாளின் மேலே, எல்லா எண்ணுக்கும் மேலே, பெரிய எழுத்தில் இதை எழுதுங்கள்: நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சு குளறுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் வந்தால் எதையும் அளக்க வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ். கருவி வந்த பிறகு வீடுகளில் வரும் மோசமான பழக்கம் இதுதான். ஆள் தவித்துக்கொண்டிருக்கும்போது பிரஷர் மெஷினைத் தேடுவார்கள், எண் நன்றாக இருந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பார்கள். எண் நன்றாக இருந்தாலும் மாரடைப்பு வரலாம்.

4. வாங்கும்போது

ஒன்று அல்லது இரண்டு கருவிதான், எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். எது என்பதை எல்லைத் தாள் சொல்லும். இதய செயலிழப்பு என்றால் எடைக்கருவியும் பிரஷர் மெஷினும், சர்க்கரை என்றால் சுகர் மெஷின். ஒன்று பழகிய பிறகு அடுத்தது.

பிரஷர் மெஷின் மேற்கையில் கட்டுவதாக இருக்கட்டும். மணிக்கட்டில் கட்டுவது சுலபம்தான், ஆனால் கை இருக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் எண் மாறிவிடும். வாங்குவதற்கு முன் மேற்கையின் நடுப்பகுதியைத் தையல் டேப்பால் சுற்றி அளந்துவிடுங்கள், பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு வரம்புக்குள் அது வர வேண்டும். பெருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டை குறைவாகக் காட்டும். வயதாகி மெலிந்தவர்களுக்குப் பெட்டியோடு வரும் பட்டை பல நேரம் தளர்வாகவே இருக்கிறது.

துல்லியம் சோதிக்கப்பட்ட மாடலா என்று பாருங்கள். ஸ்ட்ரைட் பிபி போன்ற அமைப்புகள் சோதனையில் தேறிய மாடல்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் இல்லாத மாடல், எத்தனை வசதி இருந்தாலும் வேண்டாம்.

மற்றபடி திரையில் எண் பெரிதாகத் தெரிகிறதா, ஒரே பொத்தானில் வேலை முடிகிறதா என்பவைதான். எடைக்கருவி அகலமாக, ஏறினால் ஆடாததாக இருக்க வேண்டும். வழுக்கும் கண்ணாடித் தட்டில் ஏறப் பயந்தே எடை பார்ப்பதை விட்டவர்கள் உண்டு.

5. கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் தனியாகச் செய்து முடிக்க வேண்டியவை

பெட்டியைப் பெரியவர் முன்னால் பிரித்து, கையேட்டைப் புரட்டி, பொத்தான்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நீங்களே தடுமாறுவதைப் பார்த்ததும் "இது நமக்கு ஆகாது" என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிடுவார்.

தேதியும் நேரமும் சரி செய்யுங்கள். இது இல்லாவிட்டால் கருவியின் நினைவில் இருக்கும் எண்கள் எந்த நாளுடையவை என்று டாக்டரால் சொல்ல முடியாது. பேட்டரி மாற்றும்போது சில கருவிகளில் நேரம் அழிந்துவிடும், அப்போதும் பாருங்கள்.

பல பிரஷர் மெஷின்களில் இரண்டு ஆட்களுக்கு இடம் உண்டு. அப்பாவுக்கு 1, அம்மாவுக்கு 2 என்று வைத்து, மெஷின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒட்டாத வீட்டில் இருவர் எண்ணும் கலந்து, அம்மாவின் உயர்ந்த பிரஷர் அப்பாவின் கணக்கில் ஏறி, அப்பாவுக்கு மாத்திரை கூட்டும் பேச்சு வரை போனது. நல்லவேளையாக நர்ஸ் ஒருவர் நாடித்துடிப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்டார்.

சுகர் மெஷினில் அலகைப் பாருங்கள். ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டுபவையும் உண்டு, லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று காட்டுபவையும் உண்டு. முதல் கணக்கில் 126 என்பது இரண்டாவதில் 7.

6. ஒரே இடம், ஒரே நேரம்

கருவிக்கு ஒரு நிரந்தர இடம் வேண்டும், அலமாரிக்குள் அல்ல, கண்ணில் படும்படி. முதுகு சாயும் நாற்காலி, கை வைக்க மேசை, மூக்குக் கண்ணாடி, நோட்டு, பேனா எல்லாம் அங்கேயே. எடுத்து, பிரித்து, ஒயரைச் செருகி, திரும்பக் கட்டி வைப்பது என்றால் இரண்டாவது வாரம் நின்றுவிடும்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு கட்டுங்கள். "காலையில் பாத்ரூம் போய் வந்ததும்" என்பது நிலைக்கும், "ஆறரை மணிக்கு" என்பது நிலைக்காது.

7. பிரஷர் எடுப்பது: தவறு அதிகம் நடக்கும் இடம்

இதில் வரிசை முக்கியம், அதனால் நிதானமாகப் போவோம்.

அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகை, நடை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அடக்கி வைத்திருந்தால் பிரஷர் ஏறும். காலை அளவு மாத்திரை போடுவதற்கு முன்.

முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் பட்டையைக் கட்டிவிட்டுக் காத்திருந்தால் இயல்பாகவே நேரம் போய்விடும், நான் அப்படித்தான் பழக்கினேன்.

பட்டை வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கையை இறுக்கும், கழற்றிவிடுவது நல்லது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். கை மேசையில் தளர்வாக, பட்டை நெஞ்சின் நடு உயரத்தில். கை தொங்கினால் ஒவ்வொரு இரண்டரை சென்டிமீட்டர் தாழ்வுக்கும் ஏறத்தாழ 2 புள்ளி கூடுதலாகக் காட்டும். மேசை தாழ்வாக இருந்தால் கைக்குக் கீழே தலையணை வையுங்கள்.

அளக்கும்போது பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினாலே 10 புள்ளி வரை ஏறும். "எவ்வளவு காட்டுது?" என்று ஃபோனில் கேட்டுக்கொண்டே இருக்கும் மகனால்தான் ஒரு வீட்டில் பிரஷர் எப்போதும் அதிகமாக இருந்தது.

இரண்டு முறை எடுங்கள், நடுவில் ஒரு நிமிடம். இரண்டையும் எழுதுங்கள். முதலாவது கொஞ்சம் அதிகமாக இருப்பது வழக்கம். பிடித்த எண் வரும்வரை எடுத்துக்கொண்டே இருந்து கடைசியை மட்டும் எழுதுவது பெரிய தவறு, ஏனென்றால் டாக்டர் பார்ப்பது சராசரியை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஏழு நாள், காலை இரண்டு மாலை இரண்டு எடுத்து, முதல் நாளைக் கணக்கில் விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்ப்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். சில நாள் விட்டுப்போனாலும் குறைந்தது மூன்று நாள் எண்ணாவது வேண்டும்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் எடுங்கள். ஒரு கை தொடர்ந்து அதிகம் காட்டினால் இனி எப்போதும் அந்தக் கைதான். வித்தியாசம் 10-க்கு மேல் நிலைத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டயாலிஸிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைக்கும் அறுவை சிகிச்சை) போட்ட கையிலும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையிலும் டாக்டரைக் கேட்காமல் பட்டை கட்டக் கூடாது.

எழும்போது தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு இன்னொரு அளவும் உண்டு: உட்கார்ந்தோ படுத்தோ ஒன்று, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது விழுவதற்கான எச்சரிக்கை. இதைத் தனியாக எடுக்கவே கூடாது, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். அது பழுது இல்லை. இரண்டுக்குப் பதில் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுவது எப்படி என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. எடை

இதய செயலிழப்பு உள்ளவர்களுக்கு எடை என்பது கொழுப்பைப் பற்றியது அல்ல, உடம்பில் தங்கும் நீரைப் பற்றியது. ஒரு லிட்டர் நீர் தங்கினால் ஒரு கிலோ. கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே எடை சொல்லிவிடும், அதனால்தான் தினமும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் ஃபோன் செய்ய வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் தாளில் வேறு இருந்தால் அதுதான்.

காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், கெட்டியான தரையில். கம்பளம் மேல் வைத்தால் எண் மாறும். தள்ளாடுபவர் என்றால் எடைக்கருவியைச் சுவரோரம் வைத்து, ஏறும்போது பிடித்துக்கொள்ளட்டும், எண் நிற்கும்போது மட்டும் கையை விடட்டும். கையை விடவே முடியாதவருக்கு இந்த அளவு சரிப்படாது, அதற்கு வேறு வழி கேளுங்கள்.

பெரியவர்கள் நேற்றைய எண்ணோடு மட்டும்தான் ஒப்பிடுவார்கள். அரைக் கிலோ, அரைக் கிலோவாக நான்கு நாள் ஏறியது தெரியாமலே போகும். நோட்டில் "சரியான எடை" என்று டாக்டர் சொன்ன எண்ணைப் பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள், தினமும் அதோடு ஒப்பிடட்டும்.

9. ஆக்ஸிமீட்டர்

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் சின்னக் கருவி, ஆனால் பயத்தைக் கிளப்புவதில் இதுதான் முதலிடம். காரணங்கள் மூன்று.

திரையில் இரண்டு எண் இருக்கும், ஒன்று ஆக்ஸிஜன், மற்றது நாடித்துடிப்பு. 72 என்ற துடிப்பை ஆக்ஸிஜன் என்று படித்து நடு இரவில் மகளைக் கூப்பிட்ட பாட்டி உண்டு. எந்த எண் எது என்று கருவியின் மேலேயே மார்க்கரால் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது, தலைகீழாகப் படிப்பது. 98 என்ற எண்ணைத் தலைகீழாகப் பார்த்தால் 86. விரலில் மாட்டிய கருவியை எதிரில் உட்கார்ந்திருப்பவர் படித்தால் இதுதான் நடக்கும். மாட்டியவரே படிக்க வேண்டும், அல்லது பக்கத்தில் நின்று படிக்க வேண்டும்.

மூன்றாவது, குளிர்ந்த விரல். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயம் இருந்தால் அழித்து, கையை அசைக்காமல் எண் நிலைக்கும்வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், காத்திருந்து படியுங்கள். மாட்டியதும் வரும் முதல் எண்ணை எழுதாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். கருத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவிகள் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-ல் எச்சரித்தது. எண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

10. சுகர்

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கை. பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும். எதிர்பாராத பெரிய எண் வந்தால் முதலில் கையைக் கழுவி இன்னொரு விரலில் எடுத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துவிடும், அதனால் நன்றாகத் துடைக்க வேண்டும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. "வலிக்குது" என்று விட்டுவிடுபவர்களில் பாதிப் பேர் நடுவில் குத்திக்கொண்டவர்கள்தான். ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை உடனே மூடுங்கள், காற்றின் ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். காலாவதித் தேதியைப் பெரிதாக மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

மில்லிகிராம் கணக்கில் சொன்னால், நல்ல மெஷினே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம், அதற்கான சர்வதேசத் தரமே அவ்வளவுக்கு இடம் கொடுக்கிறது. அதனால் 150-க்கும் 160-க்கும் நடுவில் சண்டை வேண்டாம். 70-க்குக் கீழே போவதுதான் அவசரம். விழுங்க முடிகிற, நினைவோடு இருக்கிற நிலையில் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

சுகரைத் தொடர்ந்து காட்டும், கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு: அந்தப் பக்கம் அழுத்திப் படுத்தால் இரவில் பொய்யாகக் குறைந்த எண் காட்டி அலாரம் அடிக்கும். மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்து, விரலில் ஒருமுறை சரிபாருங்கள்.

11. ஃபோனோடு இணைப்பது, இரண்டு வாரத்துக்குப் பிறகு

முதல் இரண்டு வாரம் நோட்டில் மட்டும். அளப்பதும் ஆப்பும் ஒரே நேரத்தில் புதிதாக வந்தால், எங்கே தடுமாறுகிறார் என்பதே நமக்குத் தெரியாது. ஆப் ஒருநாள் வேலை செய்யாமல் போனால் அளப்பதையும் சேர்த்து விட்டுவிடுவார். நோட்டுப் பழக்கம் இருந்தால் விடமாட்டார்.

இணைக்கும்போது ஃபோனின் ப்ளூடூத் பக்கத்துக்குப் போய் இணைப்பதுதான் வழக்கமான தவறு. பல கருவிகளை அவற்றின் ஆப்புக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும், வெளியே இணைத்துவிட்டால் ஆப் அதைக் கண்டுபிடிக்காது. பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் ப்ளூடூத் கருவியைத் தேடவே செய்யாது. பேட்டரி சேமிப்பு அமைப்பில் அந்த ஆப்புக்கு விலக்குக் கொடுங்கள், இல்லையென்றால் ஃபோனே அதைத் தூங்க வைத்துவிடும், மூன்று நாள் எண் வராதது யாருக்கும் தெரியாது.

ஆப்பில் வரும் மற்ற அறிவிப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். சிவப்பு நிறத்தில் ஏதாவது வந்தாலே பெரியவர் நெஞ்சு படபடக்கும், அதில் பாதி விளம்பரம்.

ஸ்மார்ட்ஃபோனே வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். தினமும் காலை ஃபோனில் எண்ணை வாய்விட்டுச் சொல்வது நல்ல முறைதான். அம்மா இன்றும் அப்படித்தான் சொல்கிறார். எண்ணோடு குரலும் வருகிறது, மூச்சு வாங்குகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

12. முதல் மாதம் என்ன நடக்கும்

இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் நாளுக்குப் பத்து முறை அளப்பார். பயத்தில் பிரஷர் ஏறும், ஏறியதைப் பார்த்துப் பயம் கூடும். அவருக்குத் தாளில் எழுதியிருக்கும் எண்ணிக்கை மட்டும்தான் என்று உறுதியாகச் சொல்லி, மற்ற நேரம் கருவியை மூடி வைக்கச் சொல்லுங்கள். அதிலும் தணியவில்லை என்றால் கொஞ்ச காலம் நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொருவர் மெல்ல மெல்ல நிறுத்துவார். கேட்டால் "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்பார். உண்மையான காரணம் பெரும்பாலும் யாரும் அந்த எண்ணைப் பற்றி அவரிடம் பேசவில்லை என்பதுதான். வாரம் ஒருமுறை நோட்டை எடுத்து வைத்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். "புதன்கிழமை ஏன் ஏறியிருக்கு, அன்னிக்குத் தூங்கலையா?" என்று அவரே யோசித்துச் சொல்ல ஆரம்பித்தால் பழக்கம் நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாத்திரையைத் தானாகக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது இந்த மாதத்தில்தான் ஆரம்பிக்கும். "இன்னிக்கு பிரஷர் நார்மல், மாத்திரை வேண்டாம்" என்று விட்டுவிடுவார்கள். மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்பதை ஒருமுறை சொன்னால் போதாது, நோட்டின் அட்டையிலேயே எழுதுங்கள்.

13. கண், கை, நினைவு

கண் மங்கியவருக்கு எண்ணை வாய்விட்டுச் சொல்லும் கருவிகள் உண்டு. நடுங்கும் கைக்கு ஸ்ட்ரிப் செருகுவது முடியாத வேலை, அதை இன்னொருவர் செய்யட்டும். பட்டையை ஒரு கையால் கட்டுவது பலருக்கு வராது. முன்கூட்டியே வளையமாகச் செய்து வைத்தால் கையை உள்ளே நுழைத்து இழுத்தால் போதும்.

நினைவு குறைந்தவரிடம் பொறுப்பை முழுதும் விடாதீர்கள், ஆனால் முழுதும் பிடுங்கவும் வேண்டாம். பட்டையை நீங்கள் கட்டுங்கள், பொத்தானை அவர் அழுத்தட்டும். அவர் உடம்பு, அவர் விரல்.

விழுந்தால் அழுத்தும் பொத்தான் வாங்கியிருந்தால், அதை ஒருமுறை நிஜமாக அழுத்திப் பார்க்கச் செய்யுங்கள். "தொந்தரவு கொடுக்க வேண்டாம்" என்று விழுந்த பிறகும் அழுத்தாமல் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். அழுத்தினால் யார் பேசுவார், என்ன கேட்பார் என்று காதால் கேட்டுவிட்டால் தயக்கம் குறைகிறது. பாத்ரூமிலும் அது கழுத்தில் இருக்க வேண்டும், நனையலாமா என்று வாங்கும்போதே பாருங்கள்.

14. மூன்றாவது மாதம்

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு பிரஷர் மெஷினையும் எடுத்துப் போங்கள். அங்கே அவர்கள் கருவியிலும் உங்கள் கருவியிலும் அடுத்தடுத்து எடுத்து ஒப்பிடலாம், பெரியவர் பட்டையைக் கட்டும் விதத்தையும் நர்ஸ் பார்த்துத் திருத்துவார். வருடம் ஒருமுறை இதைச் செய்யுங்கள், கீழே விழுந்த மெஷின் என்றால் உடனே.

எல்லைத் தாளை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரை மாறியிருந்தால் தாளும் மாற வேண்டும், பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள், இரண்டு தாள் சுவரில் இருக்கக் கூடாது. எதையாவது அளப்பதை நிறுத்தலாமா என்றும் கேளுங்கள். யாரும் இதைக் கேட்பதில்லை. அம்மாவுக்கு ஆக்ஸிமீட்டர் இனி தினமும் தேவையில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, அவரே அதைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் வைத்தார்.